கண்டிச் சீமையின் வீட்டுத் தோட்டங்கள்

கண்டிமாநகருக்குச் செல்வோர் காண்பவை பெரும்பாலும் ஒன்றே. தலதா மாளிகைக்குச் செல்வர். வாவியை ஒருமுறை சுற்றி வருவர். பேராதனைப் பூங்காவிலே மரநிழலில் அமர்ந்து கட்டுச் சோற்றை அவிழ்ப்பர். புகையிரதத்துக்கு நேரமாயிற்றென்று திரும்புவர். இவை யாவும் காணத்தக்கவையே. ஆயினும், கண்டி நாட்டு மக்கள் எதனை உண்டு, எவ்வாறு உழைத்து வாழ்கின்றனர் என்பதை இவற்றுள் ஒன்றேனும் நமக்குச் சொல்லாது. அதனை அறிய விரும்புவோர் பேராதனையிலிருந்து தவுலகலை வீதியில் பஸ் ஏறி, உடுநுவரைப் பகுதியில் எங்கேனும் இறங்கி, கால்நடையாகச் செல்லுதல் வேண்டும். சென்ற விடுமுறையிலே மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு நாம் அவ்வாறே சென்றோம்.

இருமருங்கும் ஒரே பசுமை. அண்ணாந்து பார்த்தால் தென்னையும் கித்துளும் பலாவும் வானத்தை மறைத்து நின்றன. சிறிது தூரம் நடந்தபின் மாணவன் ஒருவன், "சேர், இந்தக் காட்டைத் தாண்டினால்தான் ஊர் வருமா?" என்று வினவினான். நாம் நின்றுகொண்டிருந்ததோ ஊரின் நடுவிலே! வாழை மரங்களுக்கிடையே ஓட்டுக் கூரையொன்று எட்டிப் பார்த்தது. எங்கோ உரல் இடிக்கும் ஓசை கேட்டது. காடென்று அவன் கருதியது ஏழெட்டுக் குடும்பங்களின் வீட்டுத் தோட்டங்கள்.

அம்மாணவனைக் குறைகூறுவதற்கில்லை. யாழ்ப்பாணத்தானுக்குத் தோட்டமென்றால் செம்மண் தரை, கிணறு, கிடுகு வேலி, நூல் பிடித்தாற்போலப் பாத்தி. வெங்காயம் ஒரு புறம், மிளகாய் ஒரு புறம். இங்கோ வேலியுமில்லை, பாத்தியுமில்லை. ஒரு மரத்தின் மேல் இன்னொரு கொடி, அதன் கீழ் வேறொரு செடி, அதற்கும் கீழே ஒரு கிழங்கு. ஒழுங்கில்லாதது போலத் தோன்றும் இவ்வொழுங்கைக் கற்க ஆராய்ச்சியாளர் பலர் கண்டிக்கு வந்திருக்கின்றனர். கண்டியின் இக்காட்டுத் தோட்டங்களைப் பற்றித் தனி நூலொன்றே 2003ஆம் ஆண்டிலே வெளிவந்தது.

நாம் சென்ற தோட்டத்துக்குரியவர் எழுபது வயதைக் கடந்த முதியவர். கண்டிச் சந்தையிலே நெடுங்காலம் பாக்கு விற்றவராதலின் தமிழ் நன்றாகவே பேசினார். "வாங்க மாத்தையா, பிள்ளைகளும் வாங்க" என்று திண்ணையில் இருத்தி, அவித்த மரவள்ளிக் கிழங்கும் கட்டைச் சம்பலும், கடித்துக் குடிக்கக் கித்துள் கருப்பட்டியுடன் பிளேன்டீயும் தந்தார். தேயிலையைத் தவிர மற்றவையெல்லாம் அம்மண்ணில் விளைந்தவை. நிலம் முக்கால் ஏக்கர்தான். அதிலுள்ள பயன்தரு மரஞ்செடிகளை எண்ணப் புகுந்த மாணவர் முப்பதைத் தாண்டிய பின் எண்ணுவதைக் கைவிட்டனர்.

மேல்மாடத்தில் தென்னை, கித்துள், பலா, கமுகு. அவற்றின் அடியில் கராம்பு, சாதிக்காய், ஈரப்பலா, கொய்யா. முள்முருக்கிலும் கமுகிலும் தழுவி ஏறுவன மிளகும் வெற்றிலையும். நிழலை விரும்பும் கோப்பியும் கொக்கோவும் அதற்குக் கீழே. நிலமட்டத்தில் இஞ்சி, மஞ்சள், சேம்பு, வள்ளிக் கிழங்குகள். வீழும் இலையே எரு. மழை முதலில் உயர்ந்த மரத்தில் விழுந்து, படிப்படியாக இறங்கி, தன் வேகம் தணிந்த பின்னரே மண்ணைத் தொடுகின்றது. செங்குத்தான சரிவாயினும் மண் கரைந்தோடாமைக்கு இதுவே காரணம். "ஒன்று பொய்த்தால் மற்றொன்று கொடுக்கும்" என்றார் முதியவர். மிளகு விலை வீழ்ந்த ஆண்டில் கராம்பு காப்பாற்றும். இரண்டும் கைவிட்டால் பாக்கு இருக்கின்றது. எதுவுமே விலைபோகாவிடினும் பலாவைத் தின்று பசியாறலாம்.

பலாமரத்தைச் சிங்கள மக்கள் 'பத் கஸ' என்பர். சோற்று மரம் என்பது பொருள். நமக்குப் பலா என்றதும் சுளைதான் நினைவுக்கு வரும். இவர்களோ பிஞ்சைக் கறியாக்குவர். முற்றிய காயை அவித்துத் தேங்காய்ப் பூவுடன் சோற்றுக்குப் பதிலாக உண்பர். கொட்டையைச் சுட்டும் வறுத்தும் தின்பர். பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வி. டயஸ் என்னும் பெருமகன் நாடெங்கும் பலாக் கன்றுகளை நடுவிக்க உழைத்து, 'கொஸ் மாமா' (பலா மாமா) என்று அன்புடன் அழைக்கப்பெற்றார். 1951ஆம் ஆண்டின் சட்டப்படி, தன் வளவிலே நிற்கும் பலாவையும் ஈரப்பலாவையுங்கூட அனுமதி பெறாது தறித்தல் குற்றம். இச்சட்டத்தின் அருமை 2022ஆம் ஆண்டிலேதான் பலருக்கும் விளங்கிற்று. அவ்வாண்டில் எரிபொருளுமின்றி, எரிவாயுவுமின்றி, அரிசி விலை ஏறி நகரத்து மக்கள் வரிசைகளில் வாடியபோது, அரசாங்கம் தன் ஊழியருக்கு வெள்ளிக்கிழமைதோறும் விடுமுறை அளித்து வீட்டுத் தோட்டம் செய்யச் சொல்லிற்று. அதற்கு முந்திய ஆண்டில் இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, சில மாதங்களுக்குப் பின் அத்தடையைத் தளர்த்தியதும் அதே அரசாங்கந்தான். தேயிலையும் நெல்லும் தள்ளாடிய அவ்விரு ஆண்டுகளிலும் இம்முதியவரின் தோட்டம் முன்போலவே காய்த்தது. உரமூட்டையை அது என்றுமே கண்டதில்லையன்றோ!

குறையே இல்லையா என்றால், உண்டு. குரங்குகள் கூட்டமாக வந்து இளநீரைத் துளைத்துப் போடுகின்றன. முள்ளம்பன்றியும் காட்டுப்பன்றியும் கிழங்கைக் கிளறுகின்றன. 2025 மார்ச் 15ஆந் திகதி காலை 8 மணி முதல் 5 நிமிடம், அவரவர் வளவில் நிற்கும் குரங்கு, மயில், அணில் முதலியவற்றை எண்ணித் தருமாறு அரசாங்கம் நாடு முழுவதையும் கேட்டுக்கொண்டது. "அந்த ஐந்து நிமிடம் ஒரு குரங்கும் வரவில்லை, எண்ணி முடிந்த பிறகு எல்லாம் வந்தன" என்று சொல்லி முதியவர் வாய்விட்டுச் சிரித்தார்.

தோட்டத்தின் கீழே பள்ளத்தில் படிப்படியாக நெல்வயல்கள். அங்கே நாம் கண்ட கூட்டுறவு வகை சிந்தனைக்குரியது. அறுவடைக்கு ஆள் வேண்டுமாயின் வீட்டுக்காரர் வெற்றிலையுடன் அயலாரிடம் செல்வார். வந்து உழைப்போருக்குக் கூலியில்லை. அன்றைய உணவு அவர் பொறுப்பு. பின்னர் அவர்களுடைய வயலுக்கு இவர் செல்வார். இக்கைமாற்று உழைப்பை 'அத்தம்' என்றும், கூடிச் செய்யும் வேலையைக் 'கைய' என்றும் சொல்கின்றனர். காணியையே முறைவைத்து ஆளும் வழக்கமும் இந்நாட்டில் உண்டு. பங்காளிகள் பலருக்குரிய சிறு வயலைத் துண்டாடினால் எவருக்கும் பயனில்லை. ஆதலின் ஓராண்டு ஒருவர், மறு ஆண்டு மற்றவர் எனச் சுற்றிவரப் பயிரிடுவர். இதற்குத் 'தட்டுமாறு' என்பது பெயர். சிங்களத்தார் நாவிலே இச்சொல் வழங்கினும் நம் செவிக்கு அது அயற்சொல்லாகப் படவில்லை.

இதனாலே அங்குள்ளோர் யாவரும் சரிநிகராக வாழ்ந்தனரென்று எண்ணிவிடலாகாது. 'அந்த' என்னும் வாரமுறையில் விளைவிற் பாதியை நிலவுடைமையாளருக்கு அளந்துவிட்டு வெறுங்கையுடன் வீடு சென்ற உழவர் பல்லாயிரவர். குத்தகையாளரை நினைத்தவாறு வெளியேற்றாதிருக்க வழிசெய்த நெற்காணிச் சட்டம் 1958இல்தான் வந்தது.

இவ்வயல்களையும் வளவுகளையும் பற்றி முதன்முதல் உலகுக்கு விரிவாக எடுத்துரைத்தவன் ஒரு கைதி. 1660ஆம் ஆண்டிலே திருகோணமலைக்கு அண்மையில் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, இரண்டாம் இராஜசிங்கனுடைய கண்டி இராச்சியத்திலே ஏறத்தாழ 20 ஆண்டுகள் தடுத்துவைக்கப்பட்ட இராபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கில இளைஞனே அவன். சிறைக்கூடத்தில் அல்ல, ஊர்களிலேதான் அவன் வாழவிடப்பட்டான். தொப்பி பின்னி விற்றான். கோழியும் ஆடும் வளர்த்தான். நெல்லைக் கடன் கொடுத்து வட்டி வாங்கினான். பின்னர், நாம் நடந்து சென்ற அதே உடுநுவரையிலே, எலதெத்தை என்னும் ஊரில், 25 லாரின் காசுக்குச் சிறு நிலமொன்றை வாங்கிக் குடியமர்ந்தான். மூன்று புறமும் நெல்வயல். வளவிலே எட்டுத் தென்னை. அந்நாட்டில் விளையும் பழமரங்கள் அனைத்தும். தன் நிலத்தை அவன் இவ்வாறே விவரிக்கின்றான். 350 ஆண்டுகளுக்கு முந்திய அந்தப் பட்டியலுக்கும் எம் மாணவரின் பட்டியலுக்கும் இடையே பெரிய வேறுபாடில்லை!

1679இல் தப்பியோடி மன்னார்ப் பக்கத்திலிருந்த ஒல்லாந்தரை அடைந்த நொக்ஸ், தாயகம் திரும்பும் கப்பலிலேயே தான் கண்டவற்றை எழுதத் தொடங்கினான். 1681இல் இலண்டனில் அந்நூல் அச்சாயிற்று. புகழ்பெற்ற விஞ்ஞானியான இராபர்ட் ஹூக் அதற்கு முன்னுரை வழங்கினார். பின்னர் அது டச்சு, ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளிலும் வெளிவந்தது. மலைச்சரிவைப் படிகளாக வெட்டி நீரைத் தேக்கும் முறை, எருமைகளைக் கொண்டு சூடடிக்கும் முறை, மூன்று மாத நெல் முதல் ஏழு மாத நெல் வரையிலான வகைகள் ஆகியவற்றைப் படித்து ஐரோப்பியர் வியந்தனர். அரசர்களின் போரை எழுதுவோர் எக்காலத்தும் உளர். ஓர் ஏழைக் கமக்காரன் தன் வரப்பைக் கட்டும் விதத்தை எழுதியவன் என்பதனாலேயே நொக்ஸ் எமக்கு உவப்பானவன்.

எலதெத்தையிலிருந்து திரும்பி மீண்டும் பேராதனைக்கு வந்தோம். 1821ஆம் ஆண்டு முதல் நிலவிவரும் பூங்காவைப் பற்றி நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஆற்றுக்கு அப்பால் உள்ள கன்னொறுவையைப் பற்றியே சொல்லவேண்டும். 1638இல் போர்த்துக்கேயரின் சேனையை இராஜசிங்கன் அழித்த போர்க்களம் அது. இன்று விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் அங்கே இருக்கின்றன. 1988இல் ஜப்பானிய உதவியுடன் நிறுவப்பெற்ற தாவர மரபுவள நிலையத்தில், நாட்டின் பல மூலைகளிலுள்ள கமக்காரர் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த விதைகளைக் குளிரறைகளில் பேணி வருகின்றனர். பாரம்பரிய நெல்வகைகளுள் ஒன்றன் பெயர் பச்சைப்பெருமாள்! சிங்களக் கமக்காரரும் அதனை அப்பெயராலேயே அழைக்கின்றனர். ஒரு கைப்பிடி விதை எத்தனை ஊர், எத்தனை மொழி கடந்து கைமாறியிருந்தால் அப்பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும்!

கமக்காரன் தன் ஐயத்தைக் கேட்டறிவதற்கு இத்திணைக்களம் 1920 என்னும் தொலைபேசி எண்ணையும் வைத்திருக்கின்றது. மிளகுக் கொடி வாடுகிறதே என்று வீட்டிலிருந்தே ஒருவர் வினவலாம். தோட்டத்துரைமார் இவ்வசதியைத் தமக்கு எப்பொழுதோ செய்துகொண்டனர். 1854இலேயே கண்டியில் தோட்டக்காரர் சங்கத்தை அமைத்தனர். 1881இல் கொழும்பில் தொடங்கிய விவசாயச் சஞ்சிகை ஒன்றிலே, தம் அனுபவங்களையும் தோல்விகளையும் ஒருவருக்கொருவர் எழுதித் தெரிவித்துக்கொண்டனர். அத்துரைமாரின் தோட்டங்களிலே உழைத்தவர் அறிந்ததை யார் கேட்டார்? யார் எழுதினார்?

நிற்க. கண்டிச் சீமை என்னும் பெயரைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் பரப்பியவர் அவ்வுழைப்பாளரே. 1823ஆம் ஆண்டையொட்டி, கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் தொடங்கிய கோப்பித் தோட்டத்தோடு மலையகத் தமிழரின் வரலாறு தொடங்குவதாகக் கொள்வர். 2023இல் அதன் இருநூறாம் ஆண்டை நினைந்து, மூதாதையர் காட்டுவழியே நடந்த பாதையைப் பின்பற்றித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். 1840இல் ஒரு கட்டளைச் சட்டம் பிறந்தது. உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குரியன என்றது அச்சட்டம். கிராமத்தாரின் சேனை நிலங்களும் மேய்ச்சற் காடுகளும் ஏக்கர் 5 ஷில்லிங் விலைக்குத் துரைமார் கைக்குப் போயின. சிங்களக் கிராமத்தானின் நெஞ்சில் இது ஆறாத புண். காட்டை வெட்டிய கை தமிழனுடையதாதலின், வாங்கியவன்மீது எழவேண்டிய சினம் பல காலம் வெட்டியவன்மீது விழுந்தது.

1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. இருபது ஆண்டுகளுக்குள் துரைமாரின் கோப்பி அழிந்தது. வளவிலே நாலு கோப்பிச் செடியுடன் நாற்பது வேறு மரமும் வைத்திருந்த கிராமத்தான் தப்பினான். மலை முழுவதும் ஒரே செடியை நட்டவர்களோ, இன்னொரு செடியைத் தேடினர். ஹேவாஹெட்டைப் பகுதியில், லூல்கந்துரையில், ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே 19 ஏக்கரில் பயிரிட்டிருந்த தேயிலை அவர்களுக்குக் கைகொடுத்தது. உழைப்பாளர் அதே லயங்களில், அதே பத்தடி அறைகளில் இருந்தனர். 1948இல் குடியுரிமையும் போயிற்று. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தால் பல இலட்சம் பேர் கடல் கடந்தனர். எஞ்சியோர் முழுக் குடிமக்களாக 2003 வரை காத்திருந்தனர்.

கம்பளைக்கு அப்பால் பழைய பீகொக் தோட்டத்திலே, லய அறைகளையே அரும்பொருட்சாலையாக்கி வைத்திருக்கின்றனர். 2007 முதல் அது நடைபெறுகின்றது. கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, அம்மி, பழைய பதிவேடுகள் எனப் பாட்டனும் பாட்டியும் கையாண்ட பொருள்கள். ஹந்தானையிலுள்ள தேயிலை அரும்பொருட்சாலையில் இயந்திரங்களைக் கண்டு வியந்த எம் மாணவர், இங்கே ஓர் அறையின் தாழ்ந்த கூரையின் கீழ் நின்று நெடுநேரம் பேசாதிருந்தனர்.

திரும்பும் வழியில் ஒரு தோட்டத்தின் லயத்துக்குப் பின்னே, கானுக்கும் தேயிலைக்கும் இடையிலிருந்த சிறு கீற்று நிலத்தில் ஓர் அம்மையார் போஞ்சிக் கொடிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். ஒரு பாயை விரித்தால் அகலம் முடிந்துவிடும் அந்நிலத்திலே போஞ்சி, லீக்ஸ், கோவா, இரண்டு மரவள்ளி, ஒரு கறிவேப்பிலை. ஓரத்திலே பசுமாட்டுக் கொட்டில், அதன் சாணமே எரு. கொழுந்து பறித்து வந்தபின் மாலை இருட்டும்வரை உள்ள நேரமே இதற்குரிய நேரம். கிலோக் கணக்கில் விற்பதில்லை. லயத்தில் பத்து வீடு. ஒரு வீட்டில் போஞ்சி காய்த்தால் மற்ற ஒன்பது வீட்டுச் சட்டியிலும் அன்று போஞ்சிக் கறி. "நாளைக்கு அவுக கோவா குடுப்பாங்க, எழுதி வச்சா வாங்குறோம்?" என்றார் சிரித்தபடி. உடுநுவரை வயலிலே வெற்றிலை கொடுத்து வருவித்த கைமாற்று, இங்கே வெற்றிலையுமின்றி நடக்கின்றது.

கொட்டிலின் மூலையில் முள்முருக்கங் கம்பொன்றைப் பற்றி மிளகுக் கொடி ஏறிக்கொண்டிருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டோம். கீழே கிராமத்துச் சிங்கள அம்மா கொடுத்த தண்டாம். பதிலுக்கு இவர் பால் கொடுத்தாராம். மிளகு காய்ப்பதற்கு மூன்று ஆண்டுகளேனும் செல்லுமே என்றோம்.

2015க்குப் பின், தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலம் உறுதியுடன் வழங்குவதென அரசாங்கம் தீர்மானித்தது. ஓர் ஏக்கர் என்பது 160 பேர்ச். உடுநுவரை முதியவரின் முக்கால் ஏக்கர் 120 பேர்ச். 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீட்டையும் மலசலகூடத்தையும் கட்டி, நடைபாதைக்கும் விட்டால், நாலு வாழையும் ஒரு பாத்தியும் வைக்கலாம். அதுவும் கிடைத்தோர் சிலர், காத்திருப்போர் பலர். இந்த அம்மையாரின் பெயர் பட்டியலில் இருக்கிறதாம். எந்த ஆண்டு, எந்தச் சரிவு என்பது தெரியவில்லை. இப்பொழுது அவர் பயிரிடும் கீற்றோ தோட்டத்துக்குரியது; நாளை வேண்டுமென்றால் விட்டுக் கொடுக்க வேண்டியதுதான்.

"தெரியுங்க ஐயா. கொடியில தண்டு வெட்டி வேற எடத்துலயும் நடலாமுங்களே" என்றார் அவர். கம்பை இறுக்கிக் கட்டிவிட்டு, மாணவர்களிடம் கடதாசியில் மடித்த போஞ்சி விதை கொஞ்சம் கொடுத்தார். யாழ்ப்பாணத்து வெயிலுக்கு இது வருமா என்று எமக்குச் சந்தேகமே. மாணவரோ, மார்கழிப் பனியில் கிணற்றடியில் போட்டுப் பார்ப்பதென்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டனர்.